பருவுக்குப் போட்ட க்ரீமை நிறுத்தினால் முகம் எரிகிறது. குழிகளுக்கு எப்போது சிகிச்சை ஆரம்பிக்கலாம்?

சாரல்_மழை கேட்கிறார்:

தங்கைக்காகக் கேட்கிறேன். வயது 22, எடை 54 கிலோ, மாநிறம். கன்னத்திலும் தாடையோரத்திலும் சீழ் வைத்த பரு வருகிறது. நெற்றியில் சின்னச் சின்னப் பொரி, அரிப்பும் உண்டு. பழைய பரு இருந்த இடங்களில் கறுப்பு, சிவப்பு என்று தடம். இரண்டு கன்னத்திலும் குழி.

மெடிக்கல் ஷாப்பில் கேட்டு வாங்கிய ஒரு க்ரீமை நாலு மாதமாகப் போடுகிறாள். ட்யூபில் ஹைட்ரோகுயினோன் 2%, ட்ரெட்டினாயின் 0.025%, மொமெட்டசோன் 0.1% என்று போட்டிருக்கிறது. முதல் மாதம் முகம் பளிச்சென்று ஆனது. இப்போது இரண்டு நாள் விட்டால் எரிச்சல், சிவப்பு, பொடிப் பொடியாகப் பரு. திரும்பப் போட்டால் அடங்கிவிடுகிறது. இடையில் எலுமிச்சைச் சாறும் தேய்த்திருக்கிறாள்.

கேள்விகள்: இந்த க்ரீமைத் தொடரலாமா? அடாபலீன் ஜெல் போடச் சொல்கிறார்களே, அது எப்படி? குழிக்கு ஆன்லைனில் விற்கும் டெர்மா ரோலர் (குட்டி ஊசிகள் பதித்த உருளை) வாங்கலாமா? அடுத்த வைகாசியில் கல்யாணம் பேசுகிறார்கள், இன்னும் ஏறக்குறைய பத்து மாதம் இருக்கிறது. அதற்குள் எவ்வளவு சரியாகும்?

---

கோந்துக்குப்பி (மருந்தாளுநர்):

முதல்ல அந்த ட்யூபைப் பத்திப் பேசிடுவோம். மத்ததெல்லாம் அதுக்கு அப்புறம்தான்.

அதுல இருக்குற மூணுல மொமெட்டசோன்ங்கிறது ஸ்டீராய்டு. ஹைட்ரோகுயினோன் நிறத்தைக் குறைக்கும், ட்ரெட்டினாயின் தோலை உரிக்கும், ஸ்டீராய்டு எரிச்சலை அமுக்கும். இந்தக் கலவை மங்குவுக்காக டாக்டர் எழுதுறது, அதுவும் சில வாரக் கணக்குக்கு. பருவுக்கான மருந்தே இல்லை. முதல் மாசம் பளிச்சுன்னு தெரிஞ்சதுக்குக் காரணம், ஸ்டீராய்டு ரத்தக் குழாயைச் சுருக்கி வீக்கத்தை அடக்கினதுதான். தொடர்ந்து போட்டா தோல் மெலியும், கன்னத்துல மெல்லிசா சிவப்பு நரம்பு ஓடும், முகத்துல பூனைமுடி கூடும், வெயில்ல போனா எரியும். போதாக்குறைக்கு ஸ்டீராய்டே பருவை உண்டாக்கும். ஒரே அளவுல, ஒரே மாதிரி பொடிப் பருவா வரும்.

விட்டா எரியுது, போட்டா அடங்குதுன்னு எழுதியிருக்கீங்களே, அது தோல் அந்த மருந்துக்குப் பழகிப்போனதோட அடையாளம். "நல்ல க்ரீம், விட்டாத்தான் பிரச்சினை"ன்னு நினைச்சு வருஷக்கணக்கா ஓட்டுறவங்க நிறைய. நாலு மாசத்துல கேட்டது நல்லது.

மொமெட்டசோன், குளோபெட்டசால், பெட்டாமெத்தசோன் மாதிரி பூசுற ஸ்டீராய்டுகளை டாக்டர் சீட்டு இல்லாம விக்கக் கூடாதுன்னு மத்திய அரசு ஷெட்யூல் எச் பட்டியல்ல வெச்சிருக்கு. அப்புறமும் கவுண்டர்ல கிடைக்குது. அதுக்கு என்ன சொல்ல.

தங்கச்சியை இந்த வாரமே ஒரு தோல் டாக்டர்கிட்ட காட்டுங்க. க்ரீமை டக்குன்னு நிறுத்துறதா, வீரியம் குறைஞ்ச ஸ்டீராய்டுக்கு மாத்திக் கொஞ்சம் கொஞ்சமா இறக்குறதா, டாக்ரோலிமஸ் மாதிரி ஸ்டீராய்டு இல்லாத களிம்பு போடுறதா, டாக்ஸிசைக்ளின்ங்கிற ஆன்டிபயாடிக் மாத்திரை சேர்க்குறதாங்கிறதை முகத்தைப் பார்த்துத்தான் முடிவு பண்ண முடியும். போகும்போது அந்த ட்யூபை அட்டைப்பெட்டியோட கொண்டு போங்க. "ஏதோ ஒரு க்ரீம்"னு சொன்னா டாக்டருக்கு ஒண்ணும் புரியாது.

நிறுத்தின பிறகு கிளம்புற சிவப்பும் பருவும் வாரக்கணக்குல இருக்கும், சிலருக்கு ரெண்டு மூணு மாசம்கூட ஆகும். அந்த நேரத்துல மணமில்லாத மாய்ச்சரைசர், வெயிலுக்கு சன்ஸ்க்ரீன், நுரை அதிகம் வராத ஃபேஸ் வாஷ் காலைல ஒரு தடவை ராத்திரி ஒரு தடவை. அவ்வளவுதான். வைட்டமின் சி சீரம், ஸ்க்ரப், ஆவி பிடிக்கிறது, கடலை மாவு தேய்க்கிறது எல்லாத்தையும் மூட்டை கட்டி வெச்சிடுங்க.

எலுமிச்சை வேண்டவே வேண்டாம். அதோட அமிலத்தன்மை தோல் தாங்குற அளவைவிட ரொம்ப அதிகம். சாறு பட்ட இடத்துல வெயில் பட்டா கொப்பளிச்சு கறுத்துப்போறதும் உண்டு. கறுப்பைப் போக்கத் தேய்ச்சது புதுக் கறுப்பைக் கொடுத்துட்டுப் போகும்.

---

தோலும்_தொழிலும் (தோல் மருத்துவர்):

மேலே மருந்தாளுநர் சொன்னது சரி. அடுத்த கட்டத்தை நான் எழுதுகிறேன்.

வரிசை முக்கியம். முதலில் தோல் அமைதியாக வேண்டும், பிறகு புதுப் பரு வருவது நிற்க வேண்டும், அதற்குப் பிறகுதான் குழி. பெரும்பாலானவர்கள் தலைகீழாகச் செய்கிறார்கள். பரு வந்துகொண்டே இருக்கும்போது லேசருக்குக் காசு கட்டினால், ஒரு குழியை நிரப்புவதற்குள் இரண்டு புதுக் குழி விழுந்திருக்கும். ஊசியால் குத்தும் சிகிச்சைகளைச் சீழ்ப் பருவின் மேல் செய்தால் கிருமி பரவும்.

அடாபலீனை எப்போது ஆரம்பிப்பது? வெறும் மாய்ச்சரைசர் பூசினால் எரிச்சல் இல்லை என்ற நிலை வந்து இரண்டு வாரம் போகட்டும். ஸ்டீராய்டால் மெலிந்த தோலில் உடனே அடாபலீன் வைத்தால் முகம் வெந்தது போலாகி, பயந்துபோய்ப் பழைய க்ரீமுக்கே திரும்பிவிடுவார்கள்.

அடாபலீன் 0.1% ஜெல், இரவில் மட்டும். முகம் கழுவி, துடைத்து, கால் மணி நேரம் காய விட வேண்டும்; ஈரத்தோலில் எரிச்சல் கூடும். பிறகு முழு முகத்துக்கும் சேர்த்து ஒரு பட்டாணி அளவு. நெற்றி, இரு கன்னம், தாடை, மூக்கு என ஐந்து இடத்தில் புள்ளி வைத்துப் பரப்பவும். பருவின் தலையில் மட்டும் பொட்டு வைப்பதில் பயனில்லை. இந்த மருந்தின் வேலை வந்த பருவைக் காய வைப்பதைவிட, கண்ணுக்குத் தெரியாமல் அடைத்துக்கொண்டிருக்கும் துவாரங்களைத் திறப்பதுதான். கண்ணிமை, மூக்கோரம், உதட்டோரம் விட்டுவிடுங்கள். 15 கிராம் ட்யூப் ஒரு மாதத்துக்கு மேல் வர வேண்டும். பத்து நாளில் தீர்ந்தால் அளவு அதிகம் என்று அர்த்தம்.

முதல் இரண்டு வாரம் மூன்று நாளுக்கு ஒரு முறை, அடுத்த இரண்டு வாரம் ஒன்றுவிட்டு ஒரு நாள், பிறகு தினமும். சட்டென்று எரியும் தோல் என்றால் மாய்ச்சரைசர், அடாபலீன், மறுபடி மாய்ச்சரைசர் என்று போடலாம். முதல் மாதம் பரு கொஞ்சம் கூடுவது போலத் தெரியும், தோல் உரியும். பலனை 12 வாரத்தில்தான் அளக்க வேண்டும். மூன்றாவது வாரம் "வேலை செய்யவில்லை" என்று தூக்கிப் போடுவதுதான் இந்த மருந்து தோற்பதற்கு முதல் காரணம். கர்ப்பம், கர்ப்பத்துக்கான முயற்சி என்றால் அடாபலீன் வேண்டாம். அப்போது அசெலாயிக் அமிலம் போடலாம்.

சீழ்ப் பருவுக்குக் காலையில் பென்சாயில் பெராக்சைடு 2.5% ஜெல். 10% வாங்கினால் எரிச்சல்தான் கூடும், பலன் கூடாது. துண்டு, தலையணை உறை, துப்பட்டா எல்லாம் வெளுக்கும். வெள்ளைத் துண்டு வைத்துக்கொள்ளுங்கள். ட்யூபை வெயிலில் நிற்கும் வண்டியில் போட்டு வைக்காதீர்கள், சூட்டில் சிதையும் மருந்து. கிளிண்டாமைசின் என்ற ஆன்டிபயாடிக் ஜெல் கொடுத்தால் அதைத் தனியாக மாதக்கணக்கில் ஓட்டக் கூடாது. கிருமிக்கு மருந்து பழகிவிடும். பென்சாயில் பெராக்சைடுடன் சேர்த்தே போட வேண்டும்.

டாக்ஸிசைக்ளின் மாத்திரை எழுதினால் சாப்பிட்ட பிறகு ஒரு டம்ளர் நிறையத் தண்ணீரோடு. விழுங்கியதும் படுத்தால் உணவுக்குழாயில் ஒட்டிப் புண்ணாகும். அரை மணி நேரமாவது உட்கார்ந்திருக்கட்டும். இரும்புச்சத்து மாத்திரையோடு சேர்த்து விழுங்கக் கூடாது, இரண்டு மூன்று மணி நேரம் இடைவெளி வேண்டும். வெயில் ஒத்துக்கொள்ளாமல் போகலாம். பொதுவாக மூன்று நான்கு மாதத்துக்கு மேல் நீட்டுவதில்லை.

நெற்றியில் அரிப்போடு பொரி என்றீர்கள். அது வேறு விஷயமாக இருக்கலாம். தலைக்கு எண்ணெய் வைக்கிறாரா? மாதவிடாய் ஒழுங்கா?

---

சாரல்_மழை:

நன்றி டாக்டர். தினமும் தேங்காய் எண்ணெய் வைத்துப் பின்னிக்கொள்வாள். பொடுகும் உண்டு. நெற்றியில் இருப்பவை எல்லாம் ஒரே அளவு, வேர்த்தால் அரிப்பு கூடுகிறது. மாதவிடாய் 45, 50 நாளுக்கு ஒருமுறைதான். மோவாயில் கொஞ்சம் முடியும் இருக்கிறது.

---

நெல்லைக்காரி (ஸ்டாஃப் நர்ஸ், தோல் பிரிவு):

நெற்றில ஒரே அளவு பொரி, அரிப்பு, பொடுகு மூணும் சேர்ந்தா மலசீசியாங்கிற பூஞ்சை முடித்துவாரத்துல கூடு கட்டியிருக்கலாம். நிஜப் பருவுல வெள்ளைமுளை, கரும்புள்ளி, சீழ்னு கலந்து கிடக்கும், அரிப்பு பெருசா இருக்காது. இதைத் தெரியாம ஆன்டிபயாடிக் கொடுத்தா இது இன்னும் கூடும். டாக்டர் சுரண்டி எடுத்து மைக்ரோஸ்கோப்ல பார்த்துச் சொல்வாங்க. பூஞ்சைதான்னா கீட்டோகொனசோல் 2% ஷாம்பூவைத் தலைக்கும் நெற்றிக்கும் போட்டு அஞ்சு நிமிஷம் வெச்சுக் கழுவச் சொல்றது வழக்கம்.

எண்ணெயை விடவே மாட்டேன்னா, குளிக்கிறதுக்கு ஒரு மணி நேரம் முன்னாடி வெச்சு அலசிடச் சொல்லுங்க. எண்ணெய்த் தலையோட தூங்கினா தலையணை வழியா கன்னத்துக்கும் இறங்கும்.

45 நாள் சுழற்சி, மோவாயில முடி, தாடையோரப் பரு. பிசிஓஎஸ் (சினைப்பை நீர்க்கட்டிப் பிரச்சினை) இருக்கான்னு மகப்பேறு டாக்டர்கிட்டயும் பார்த்துடுங்க. அது இருந்து கவனிக்காம விட்டா, மேல என்ன பூசினாலும் பரு திரும்பத் திரும்ப வரும். ஹார்மோன் மாத்திரையோ, ஆண் ஹார்மோனை அடக்குற ஸ்பைரோனோலாக்டோனோ வேணுமான்னு அவங்க சொல்வாங்க. கல்யாணம் வருதுன்னா அதையும் சொல்லுங்க, ஸ்பைரோனோலாக்டோன் சாப்பிடும்போது கர்ப்பம் ஆகக் கூடாது.

---

கடலோரக்கவி:

ரோலர் பற்றி யாரும் சொல்லவில்லையே. 0.5 மில்லிமீட்டர் ரோலரை வீட்டில் பயன்படுத்தினால் குழி மேலெழும் என்று நிறைய வீடியோ இருக்கிறது. கிளினிக்கில் செய்வதும் அதேதானே? எதற்கு ஆயிரக்கணக்கில் செலவு?

---

தோலும்_தொழிலும்:

அதே இல்லை. குழியைக் கீழே பிடித்து இழுக்கும் நார் தோலின் ஆழத்தில் இருக்கிறது. 0.5 மில்லிமீட்டர் ஊசி அங்கே எட்டாது. கிளினிக்கில் இடத்துக்கேற்ப 1 முதல் 2.5 மில்லிமீட்டர் வரை, மரத்துப்போகும் களிம்பு வைத்து, கிருமிநீக்கிய ஊசியால் செய்வது. வீட்டு ரோலரில் இரண்டு மூன்று முறைக்குப் பிறகு ஊசிமுனை வளைந்து தோலைக் கீறும். முகத்தில் ஒரு மரு இருந்தால் அதை வரிசையாக நட்டுவிட்டுப் போகும். நம் நிறத்துத் தோலில் ஒவ்வொரு கீறலும் கறுக்கும். ஸ்டீராய்டால் மெலிந்த முகத்தில் நினைத்துக்கூடப் பார்க்கக் கூடாது.

செலவுக்குப் பயந்தால், அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் தோல் பிரிவு இருக்கிறது. என்னென்ன செய்கிறார்கள் என்று புறநோயாளிப் பிரிவில் கேட்டுப் பாருங்கள்.

இனி தடங்கள். செலவுக்கு முன் எது எது என்று பிரித்துக்கொள்ளுங்கள். இரவில் விளக்கை அணைத்துவிட்டு, முகத்துக்குப் பக்கவாட்டிலிருந்து டார்ச் அடித்துப் பாருங்கள். நிழல் விழுந்தால் குழி. நிழல் இல்லாமல் நிறம் மட்டும் மாறியிருந்தால் அது தடம்தான், தழும்பு இல்லை. அந்தத் தடத்தின் மேல் கண்ணாடித் துண்டை அழுத்தினால் சிவப்பு மறைகிறதா? அது ரத்தக் குழாய்ச் சிவப்பு. மறையாத பழுப்பு என்றால் நிறமி.

பழுப்புத் தடம் தானாகவே மாதக்கணக்கில் மங்கும். வெயில் பட்டால் அந்தக் கணக்கு திரும்ப ஆரம்பத்துக்கு வரும். எஸ்பிஎஃப் 30-க்குக் குறையாத சன்ஸ்க்ரீன், முகத்துக்கும் கழுத்துக்கும் இரண்டு விரல் நீளம், வெளியில் இருந்தால் இரண்டு மூன்று மணிக்கு ஒருமுறை. இரும்பு ஆக்சைடு கலந்த, நிறமுள்ள சன்ஸ்க்ரீன் மாநிறத் தோலுக்கு இன்னும் நல்லது. கண்ணுக்குத் தெரியும் ஒளியும் நம் தோலைக் கறுக்க வைக்கும், சாதா சன்ஸ்க்ரீன் அதைத் தடுப்பதில்லை. கூடவே அசெலாயிக் அமிலம் 10 அல்லது 20%. அடாபலீனும் தடத்தைக் குறைக்கும். சிவப்புத் தடத்துக்குக் காலம்தான் முக்கிய மருந்து.

குழியில் மூன்று வகை. ஊசியால் குத்தியது போல வாய் சிறுத்து ஆழமாக இருப்பது ஒன்று. ஓரம் செங்குத்தாக, அடி தட்டையாக இருப்பது இன்னொன்று. அலை போல மேடு பள்ளமாக, தோலை விரலால் இழுத்தால் சமமாகிவிடுவது மூன்றாவது. ஒரே கன்னத்தில் மூன்றும் இருக்கும். அதனால் "ஒரு லேசர் போதும்" என்று பேக்கேஜ் விற்பவரிடம் கவனமாக இருங்கள்.

ஊசிக்குழிக்கு லேசரும் ரோலரும் பெரிதாக உதவாது. அதற்கு டிசிஏ கிராஸ் என்ற முறை: வீரியமான ட்ரைகுளோரோஅசெட்டிக் அமிலத்தைக் கூர்மையான குச்சியால் குழியின் அடியில் மட்டும் தொடுவது. சில நொடியில் வெள்ளையாகப் பூக்கும், பக்கு ஒரு வாரத்தில் உதிரும், அடியிலிருந்து புதுத் திசு வளரும். நான்கு வாரத்துக்குக் குறையாத இடைவெளியில் பல முறை. அமிலம் விளிம்பில் வழிந்தால் குழி அகலமாகும், அல்லது வெள்ளைத் தழும்பு விழும். இந்த அமிலத்தை ஆன்லைனில் வாங்கி வீட்டில் செய்து முகத்தைப் பொசுக்கிக்கொண்டவர்கள் உண்டு. மிக ஆழமானதைச் சிறு குழல் கத்தியால் எடுத்துவிட்டு ஒரு தையல் போடுவதும் உண்டு.

அலைக்குழிக்கு சப்சிஷன்: மரத்துப்போக ஊசி போட்டு, தோலுக்கு அடியில் ஊசியை நுழைத்து, இழுத்துப் பிடிக்கும் நாரை அறுப்பது. ஓரிரு வாரம் கன்றிப்போய் நீலம் பாரித்திருக்கும். அறுத்த நார் மீண்டும் ஒட்டப் பார்க்கும், அதனால் இரண்டு மூன்று முறை தேவைப்படும். மைக்ரோநீடிலிங் (மேலே சொன்ன, கிளினிக்கில் நுண்ணூசிகளால் குத்துவது), அதோடு ரேடியோ அலை சேர்ந்தது, கார்பன் டை ஆக்சைடு ஃப்ராக்‌ஷனல் லேசர் எல்லாம் தட்டையடிக் குழிக்கும் ஆழமில்லாத அலைக்குழிக்கும். லேசரில் மாநிறத்துக்குக் கறுப்பு படியும் வாய்ப்பு அதிகம். நான் என்றால் மைக்ரோநீடிலிங்கிலிருந்து ஆரம்பிப்பேன். நான்கு முதல் ஆறு வார இடைவெளியில் மூன்று முதல் ஆறு முறை. உதட்டோரம் அடிக்கடி அக்கி வரும் என்றால் முன்கூட்டியே சொல்லுங்கள், லேசருக்கு முன் மாத்திரை கொடுக்க வேண்டும்.

எந்தக் குழியும் பிறந்த தோல் போல ஆகாது. பாதி குறைந்தால் நல்ல பலன். குழிக்குப் பதில் மேடாகத் தடித்தால், குறிப்பாகத் தாடையோரம், தோள், நெஞ்சில், இதில் எதையும் செய்ய வேண்டாம். அதற்கு ட்ரையாம்சினலோன் என்ற ஸ்டீராய்டு ஊசி. குத்தியும் கீறியும் வைத்தால் மேடு பெரிதாகும்.

---

சாரல்_மழை:

பரு அடங்காவிட்டால் ஐசோட்ரெட்டினாயின் மாத்திரை கொடுப்பார்கள் என்று படித்தேன். கல்யாணத்துக்கு முன் எடுக்கலாமா? பிறகு குழந்தை பிறப்பதில் பிரச்சினை வருமா?

---

தோலும்_தொழிலும்:

குழி விழும் அளவுக்குப் பரு வருபவர்களுக்கு அது நியாயமான மருந்துதான். கணக்கு இது: கிலோவுக்கு மொத்தம் 120 முதல் 150 மில்லிகிராம் என்பது வழக்கமான இலக்கு. 54 கிலோவுக்குக் குறைந்தது 6,480 மில்லிகிராம். தினம் 20 என்றால் 324 நாள், தினம் 30 என்றால் 216 நாள். அதாவது தினம் 20 போட்டால் வைகாசிக்குள் முடியாது, 30 போட்டால் ஏழு மாதத்தில் முடியும். எவ்வளவு தாங்கும் என்பது ரத்தப் பரிசோதனையையும் உதட்டு வறட்சியையும் பார்த்து முடிவாகும்.

மாத்திரை சாப்பிடும் காலத்திலும், நிறுத்தி ஒரு மாதம் வரையிலும் கர்ப்பம் கூடவே கூடாது. கருவுக்குக் கடுமையான ஊனம் வரும். அந்த ஒரு மாதம் தாண்டினால் மருந்து உடம்பை விட்டுப் போய்விடும். பிற்காலக் கருத்தரிப்பைப் பாதிக்காது. ஆரம்பிக்கும் முன் கர்ப்பப் பரிசோதனை, கல்லீரல், கொழுப்புப் பரிசோதனை. கொழுப்புள்ள சாப்பாட்டோடு விழுங்கினால்தான் உடம்பில் சேரும். வெறும் வயிற்றில் பாதி வீண். டாக்ஸிசைக்ளினோடு சேர்க்கக் கூடாது, மூளையைச் சுற்றி அழுத்தம் கூடலாம். வைட்டமின் ஏ மாத்திரை வேண்டாம். இரத்த தானமும் நிறுத்தி ஒரு மாதம் வரை கூடாது. மனநிலை மாறினால் உடனே டாக்டரிடம் சொல்ல வேண்டும்.

இதை எடுத்தால் ஆறு மாதம் கழித்துத்தான் குழிக்குச் சிகிச்சை என்று முன்பு கறாராகச் சொல்வார்கள். இப்போது மைக்ரோநீடிலிங் போன்றவற்றுக்கு அவ்வளவு காத்திருக்கச் சொல்வதில்லை. தோலைச் சீவி எடுக்கும் ஆழமான லேசருக்குத்தான் தயக்கம்.

பத்து மாதத்தில் நடக்கக்கூடியது: முதல் இரண்டு மூன்று மாதம் ஸ்டீராய்டிலிருந்து வெளியே வருவது, அடுத்த மூன்று நான்கு மாதம் பருவை நிறுத்துவது, மிச்சத்தில் குழிக்கு இரண்டு மூன்று முறை. கடைசிச் சிகிச்சைக்கும் முகூர்த்தத்துக்கும் இடையில் ஆறு வாரமாவது விடுங்கள்.

---

நெல்லைக்காரி:

பார்லர் விஷயத்தையும் சொல்லிடறேன், கல்யாணப் பொண்ணுங்க இதுலதான் மாட்டிக்கிறாங்க. அடாபலீன் போடுறவங்க வாக்ஸிங்குக்கு ஒரு வாரம் முன்னாடியே நிறுத்தணும், இல்லேன்னா தோலோட பிய்ஞ்சு வரும். ஐசோட்ரெட்டினாயின் சாப்பிடும்போதும், முடிச்சு ஆறு மாசம் வரைக்கும் முகத்துல வாக்ஸிங் கிடையாது. ப்ளீச், உரிக்கிற ஃபேஷியல், ஆவி வெச்சு கரும்புள்ளி எடுக்கிறது எதுவும் வேண்டாம்னு பார்லர்ல முதல்லயே சொல்லிடுங்க. "உடனடி பளபளப்பு"ன்னு ட்யூப் பேர் தெரியாத க்ரீம் ஏதாவது தடவினா, சேர்க்கைப் பொருள் படிக்காம முகத்தைக் கொடுக்க வேண்டாம். மேக்கப் ட்ரையலை ஒரு மாசம் முன்னாடி வெச்சுக்கிட்டா, எந்த ஃபவுண்டேஷன் ஒத்துக்கலைன்னு தெரிஞ்சு மாத்த நேரம் இருக்கும்.